மச்சாளின் நண்டு

யாரையாவது புதிதாகக் கண்டால் என் மச்சாள் ஊரையோ பெயரையோ விசாரிக்க மாட்டார். "உங்கட வயல் தலைமாட்டிலயோ, கால்மாட்டிலயோ?" என்றுதான் கேட்பார். வாய்க்காலில் தண்ணீர் நுழைகிற பக்கம் தலைமாடு. தண்ணீர் வந்து சேருமோ சேராதோ என்று வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிற பக்கம் கால்மாடு. உலகத்து மனிதர்களை அவர் இந்த இரண்டாகத்தான் பிரித்து வைத்திருந்தார். கிளிநொச்சியில் ஒரு வங்கிக்குப் புதிதாக வந்த மனேச்சரிடமும் இதையே கேட்டார். அவர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். தனக்கு வயலே இல்லை என்றார்.

"அப்ப என்னத்தைச் சாப்பிடுறனீங்கள்?" என்று மச்சாள் உண்மையான கவலையோடு கேட்டார்.

மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. என் மாமனார் யாழ்ப்பாணத்தில் இருந்து வட்டக்கச்சிக்கு வந்து குடியேறியவர். ஒரே வாய்க்காலில் இரண்டு துண்டு வயல் வைத்திருந்தார். தலைமாட்டுத் துண்டு தம்பிக்கு, அதாவது எங்களுக்கு வந்தது. கால்மாட்டுத் துண்டு அக்காவுக்குப் போனது. இடையில் ஒன்பது பேருடைய வயல்கள். மச்சாளின் கணவர் கடைசிச் சண்டையில் போய்விட்டார். ஒரே மகன் அதற்கு முன்னமே ஒல்லாந்துக்குப் போயிருந்தான். மீள்குடியேறி வந்தபோது வீடும் கிணறும் உடைந்து கிடந்தன. மச்சாள் வீட்டைப் பார்க்கவில்லை, நேரே போய் வாய்க்காலைப் பார்த்தார்.

எங்கள் வாய்க்காலின் சங்கதியை இங்கே சொல்லிவிட வேண்டும். கோடையில் செய்கிற வேளாண்மையைச் சிறுபோகம் என்போம். அப்போது மழையை நம்ப முடியாது. குளத்துத் தண்ணீரை அளந்து விடுவார்கள். எங்கள் வாய்க்காலுக்குப் பத்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். அதைப் பதினொரு வயலும் மணிக்கணக்கில் பங்கிட வேண்டும். அப்படி ஒரு வயலுக்குக் கிடைக்கிற நேரத்துக்குத்தான் முறை என்று பெயர். வயல்காரர் எல்லாரும் கூடுகிற கமக்காரர் கூட்டத்தில், வாய்க்கால் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பை யாரிடம் கொடுப்பது என்று வந்தபோது எல்லாரும் மச்சாளைக் கை காட்டினார்கள். கால்மாட்டுக்காரியிடம் கொடுத்தால் தண்ணீர் கால்மாடு வரைக்கும் எப்படியும் போகும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர்களே பிறகு தலையில் கை வைத்தார்கள்.

மச்சாள் தன் கணவரின் பெரிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வரம்பில் நிற்பார். உங்கள் முறை ஒன்பதே காலுக்கு முடிகிறது என்றால் ஒன்பது பதினைந்துக்குக் கதவு விழும். ஒன்பது பதினாறுக்கு நீங்கள் அழுதாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி. "முறை எண்டா முறை," என்பார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் கிடையாது.

முறையை மீறினவரோடு அவர் சண்டை பிடிப்பதில்லை. கதைக்காமல் விட்டுவிடுவார், அவ்வளவுதான். கால் மணி நேரம் முந்தித் திறந்த நான்காம் வயல்காரரோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. அவர்தான் ஊரில் கடை வைத்திருந்தார். மச்சாள் கடைக்குப் போய் சீனியை விரலால் காட்டி வாங்குவார். வாய்க்காலுக்குக் குறுக்கே கல்லை வைத்த சங்கத் தலைவரோடும் கதையில்லை. தன் மாட்டை வாய்க்காலில் இறக்கிக் குளிப்பாட்டிய கோயில் ஐயரோடும் இல்லை. கோயிலுக்கு மட்டும் தவறாமல் போவார், கையை நீட்டித் திருநீறு வாங்குவார், வாயைத் திறக்க மாட்டார். இப்படியே போய், வாய்க்காலின் இரண்டு கரையிலும் மச்சாள் கதைக்கிற ஆள் நான் ஒருத்திதான் மிச்சம் என்று ஆகிவிட்டது. தன் சொந்தத் தம்பியோடும், அதாவது என் கணவரோடும், ஒரு மண்வெட்டி விஷயத்தில் மூன்று மாதம் கதைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து அவர் முன்னாலேயே என்னிடம், "உன்ர மனிசனுக்குச் சொல்லு," என்பார்.

நான் வரலாறு படிப்பிக்கிற ரீச்சர். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் தினமும் மச்சாள் வீட்டில் இறங்குவேன். வாசலில் மடித்துப் போட்டிருக்கும் சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனால் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார். ஊரில் யார் யாரோடு தான் கதைப்பதில்லை என்பதைப் பற்றி அரை மணி நேரம் என்னோடு கதைப்பார். எனக்கும் அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் நாள் முடிந்ததாக இருக்காது.

ஆனால் அவர் கதைக்காமல் விட வேண்டிய பட்டியலில் முதல் பெயராக இருந்திருக்க வேண்டியவள் நான்.

மீள்குடியேறி மூன்றாவது சிறுபோகம். எங்கள் முறை வந்த நாள் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வை. கணவர் காய்ச்சலில் கிடந்தார். வாய்க்கால் கதவை மச்சாள் திறந்துதான் விட்டார், ஆனால் வயலின் வாயை வெட்டித் தண்ணீரை உள்ளே எடுப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஆளில்லை. நேரம் முடிந்தது, கதவு விழுந்தது. பின்னேரம் நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"உங்கட தம்பியின்ர வயல்தானே, மச்சாள். ஒரு மணித்தியாலம் தாங்கோ."

"தம்பியின்ர வயல் எண்டு தண்ணிக்குத் தெரியாது, பிள்ளை. முறை எண்டா முறை."

நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் வயிற்றுக்குள் இருக்கிற நேரம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் அதற்குப் பிறகு கடலைக் கொண்டுவந்து விட்டாலும் பிரயோசனமில்லை. அடுத்த தண்ணீர் வந்த நாள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். வாய்க்கால்காரர் எல்லாரும் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். அன்றைக்கு முதலாவது முறை மச்சாளின் வயலுக்கு, எங்களுடையது கடைசியில். அவருக்கும் கோயிலில் நேர்த்தி இருந்தது. களவெடுக்கிற ஆட்கள் அத்தனை பேரும் அம்மன் வாசலில் நிற்கிறார்கள், பிறகென்ன பயம் என்று கதவைத் தன் வயலுக்குத் திறந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு மாதத் துடக்கு. கோயிலுக்குப் போக முடியாது. அந்தக் கணக்கை மச்சாள் போடவில்லை.

மத்தியானம் ஒரு பழைய உரச்சாக்கை எடுத்து மண் போட்டு, கொண்டுபோய் வாய்க்காலில் குறுக்கே வைத்தேன். தண்ணீர் எங்கள் வயலுக்குத் திரும்பியது. பாதி கோபம், பாதி பயம். ஒரு மணி நேரம் என்று நினைத்துத்தான் வைத்தேன். வெடித்துக் கிடந்த நிலம் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றதில் மூன்று மணி நேரம் போய்விட்டது. பிறகு சாக்கைக் கொஞ்சம் அரக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிந்ததும் அதை எடுத்து ஒளிக்கலாம் என்று போனால் சாக்கு இல்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன்.

மச்சாளின் வயல் பாதிதான் நனைந்திருந்தது. அந்தப் போகம் கால்மாட்டின் கடைசிப் பக்கம் கதிர் வந்தது, உள்ளே அரிசி இல்லை. முழுக்கச் சப்பி. சாக்கைக் காணாத அன்று முழுக்க நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். பொழுதுபட மச்சாள் வந்தார். வரம்பைச் சுற்றிப் பார்த்தேன் என்றார்.

"நண்டு வளை போட்டிட்டுது, பிள்ளை. தண்ணி எல்லாம் அதுக்குள்ளால போட்டுது."

வயல் வரம்பில் நண்டு வளை போடுவது ஊரறிந்த விஷயம். நானும் தலையை ஆட்டினேன். நண்டின் தலையில் போட்டுவிட்டுத் தப்பினேன் என்று வெட்கம் கெட்ட ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்கு ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. அன்றிலிருந்து மச்சாள் வாயில் எந்த நேரமும் நண்டுதான். முல்லைத்தீவில் இருந்து நண்டு வந்தால் வாங்கி, கறி வைத்து, எனக்கு ஒரு கோப்பையில் போட்டுத் தருவார். "சாப்பிடு, பிள்ளை. எங்கட தண்ணி குடிச்சவையின்ர சொந்தக்காரர்," என்பார். எனக்குப் புரைக்கேறும். "மெல்லச் சாப்பிடு," என்று தலையில் தட்டுவார்.

ஐந்து வருடம் இப்படிப் போனது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலைத் துடைக்கும்போது நினைப்பேன். தேத்தண்ணீர் குடித்து முடிந்ததும் சொல்லாமல் வந்துவிடுவேன். சொன்னால் அந்தக் குசினிக் கதவு எனக்குச் சாத்தப்படும் என்று தெரியும். சீனியை விரலால் காட்டி வாங்குகிற மனுசி அவர்.

அந்த நேரத்தில்தான் ஒல்லாந்தில் இருந்து மச்சாளின் மகன், எனக்கு மருமகன், "அம்மாவை ஒருக்கா இங்கை கூட்டிக்கொண்டு வாங்கோ, மாமி. தனிய வரமாட்டா," என்று எனக்குப் போன் எடுத்தான். நான் இங்கிலீசு தெரிந்த ஆள், பள்ளிக்கூடமும் ஓகஸ்ட் விடுமுறை. மச்சாள் ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் இடையில் போய்த் திரும்ப வேண்டும்.

"எட்டு நாளுக்கு ஆரும் ஐரோப்பா போவினமோ, மச்சாள்?"

"ஒன்பதாம் நாள் தண்ணி வருமே. நீயே சொல்லு."

வாய்க்கால் திறப்பையும் கொண்டுவந்தார். ஒரு சாண் நீளத்தில், தலையில் வளையம் வைத்த இரும்புத் திறப்பு. ஒருவரிடமும் கொடுத்துவிட்டு வர நம்பிக்கையில்லை. விமான நிலையத்தில் கைப்பையைப் படம் பிடித்துப் பார்த்தவர்கள் அதை வெளியில் எடுத்து மேசையில் வைத்தார்கள். இது என்ன என்று கேட்ட பெடியனிடம் மச்சாள் சிறுபோகத்தில் இருந்து தொடங்கினார். பின்னால் நின்ற வரிசை நீண்டுகொண்டே போனது. முறை என்ற இடத்துக்கு வந்தபோது அவன் திறப்பைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொல்லிவிட்டான்.

மருமகன் வேலை செய்தது அம்ஸ்டர்டாமில் ஒரு ஹோட்டல் குசினியில். வீடு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி ஒரு சின்ன ஊரில். புதன்கிழமை தன்னோடு எங்களையும் நகரத்துக்குக் கூட்டிவந்து, படகுக்கு இரண்டு ரிக்கற் எடுத்துத் தந்து, நாலு மணிக்கு இதே பாலத்தடிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனான். கண்ணாடிக் கூரை போட்ட படகு. நகரம் முழுக்க வாய்க்கால். கரையில் ஒடுங்கி ஒடுங்கி நெடுப்பமாக வீடுகள், அவற்றின் வாசல்வரைக்கும் தண்ணீர். என் வகுப்பில் எத்தனை வருடம் படிப்பித்திருப்பேன், ஒல்லாந்தர் இலங்கையில் வாய்க்கால் வெட்டினார்கள் என்று. அந்த ஒல்லாந்தரின் சொந்த வாய்க்காலில் போகிறேன் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. காதில் மாட்டத் தந்த கருவி, எந்த வீட்டை எந்த வியாபாரி கட்டினான் என்று இங்கிலீசில் சொல்லிக்கொண்டு வந்தது.

மச்சாள் அதைக் காதில் மாட்டவில்லை. மற்றவர்கள் வீடுகளைப் பார்க்க, அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். படகு ஒரு கரையில் நின்றபோது குடையைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்தார். குடைக்குள் அடங்கவில்லை.

"இவ்வளவு தண்ணி நிக்குது. எங்க போகுது?"

"எங்கயும் போகேல்லை, மச்சாள். நாங்கள் பாக்கிறதுக்குத்தான்."

"சும்மா நிக்குதோ?" என்றார். அந்தச் சும்மாவில் இருந்த மனவருத்தத்தை என்னால் இங்கே எழுதிக் காட்ட முடியாது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அதில் இன்னும் வட்டக்கச்சி நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே பதினொரு மணி, அங்கே இரண்டரை. மாற்ற விடவில்லை. "நாங்கள்தானே வந்தனாங்கள். மணிக்கூடு என்ன பாவம் செய்தது," என்றார்.

படகால் இறங்கியதும் அவசரமாக ஒதுங்க வேண்டும் என்றார். நான் மரியாதையான இங்கிலீசு வசனம் ஒன்றை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் மச்சாள், கரையோர வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான வெள்ளைக்காரரிடம் போய், "கக்கூசு?" என்று கேட்டுவிட்டார். எனக்கு மானம் போனது. அந்த மனிதர் ஒரு கணம் விழித்தார், பிறகு தொடையில் தட்டித் தட்டிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், எழுந்து வந்து கையால் திசையும் காட்டினார். கக்கூசு அவர்களுடைய சொல். அவர்கள் எங்களிடம் விட்டுவிட்டு வந்ததை மச்சாள் பத்திரமாகக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்திருந்தார். வகுப்பில் கரும்பலகையில் இதை எழுதிப்போடுகிற எனக்கு அந்த நேரம் அது நினைவுக்கே வரவில்லை.

இந்த வெற்றி மச்சாளுக்குத் தைரியத்தைக் கொடுத்துவிட்டது. கொஞ்சத் தூரம் நடந்தோம். ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே பெரிய மரக்கதவு சாத்திக் கிடந்தது. மச்சாள் அங்கேயே நின்றுவிட்டார்.

"உவங்கள் கதவைப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள், பிள்ளை. தண்ணி பச்சை பிடிக்குது. வா, கந்தோரில சொல்லுவம்."

"எந்தக் கந்தோர்? இது ஒல்லாந்து, மச்சாள்."

"உந்தா எழுதியிருக்கு." கரையில் இருந்த ஒரு சின்னக் கட்டடத்தின் கதவைக் காட்டி, பஸ் போர்ட் வாசிக்கிற மாதிரி எழுத்துக்கூட்டினார். "கே, ஏ, என், ரி, ஓ, ஓ, ஆர். கந்தோர்தானே?"

கந்தோர்தான். அலுவலகத்துக்கு நாங்கள் சொல்கிற அந்தச் சொல்லும் அவர்களுடையதுதான், இரண்டாவது தடவையும் நான் கோட்டை விட்டேன். நான் சிரித்து முடிப்பதற்குள் மச்சாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டார். எங்களூர் நீர்ப்பாசனக் கந்தோருக்குள் போகிற அதே நடை.

அது ஏதோ படகுக்காரர்களின் கந்தோர். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மச்சாள் முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்தார். "கதவு ஏன் பூட்டியிருக்கெண்டு கேள். ஆருக்கு முறை எண்டு கேள்," என்றார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் எங்களை வெளியில் போகச் சொல்லவில்லை. தான் ரிக்கற் விற்கிறவள், ஆனால் இந்த வாய்க்கால் கரையில் பிறந்தவள் என்று சொல்லி, வரைபடம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். குறித்த நேரங்களில் கதவுகளைச் சாத்துவார்களாம். ஒரு பக்கத்தால் புதுத் தண்ணீரை விட்டு, பழசை மற்றப் பக்கத்தால் தள்ளுவார்களாம்.

"அப்ப இங்கையும் முறை இருக்கு," என்று மச்சாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. கால்மாடு எங்க எண்டு கேள். புதுத்தண்ணி கடைசி ஆளுக்குப் போய்ச் சேருதோ?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி விளங்கவில்லை. இரண்டு தடவை சொன்னேன். பிறகு அவர் வரைபடத்தில் விரலை வைத்து ஒரு வாய்க்காலில் இழுத்தார். அது வளைந்து போய் இன்னொன்றைத் தொட்டது, அது வேறொன்றைத் தொட்டது. விரல் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர ஓரிடத்திலும் நிற்கவில்லை. கடைசி என்று ஒன்று இல்லை என்றார்.

வெளியில் வந்து ஒரு வாங்கில் இருந்தோம். மருமகன் கட்டித் தந்த சாப்பாட்டை மச்சாள் பிரிக்கவில்லை. அவ்வளவு யோசனை.

"கடைசி இல்லாத வாய்க்கால்," என்றார். பிறகு, "அப்ப உவையளுக்கு ஒருத்தரோட ஒருத்தர் கோவிக்கிறதுக்கு ஒரு விசயமும் இல்லை. பாவங்கள்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"அந்த வருசம் உதில ஒரு துளி வந்திருந்தாக் காணும், பிள்ளை. கடைசிப் பாத்தி தப்பியிருக்கும். நண்டு விடேல்லை."

கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஒருவருக்கும் தேவையில்லாத தண்ணீர். அதன் கரையில் இருந்து அந்தப் பொய்யை இன்னொரு தடவை விழுங்க என்னால் முடியவில்லை.

"நண்டு இல்லை, மச்சாள். நான்தான்."

எல்லாம் சொன்னேன். துடக்கு, சாக்கு, மூன்று மணி நேரம், நிலம் குடித்த சத்தம். மச்சாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி காட்டியது. அம்ஸ்டர்டாமில் இரண்டரை. கைப்பையைத் திறந்து, திறப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு மூடினார். வாயை மூடியது அதோடுதான்.

சாப்பாட்டைப் பிரித்தார், எனக்குப் பாதி வைத்தார், கதைக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைக் கேட்கவும் விரலால்தான் காட்டினார். கடைக்காரருக்குக் கிடைத்த அதே விரல். இனி என் வாழ்நாளுக்கும் இதுதான் என்று நினைத்தேன். உலகமெல்லாம் பார்க்க வருகிற நகரத்தில் ஒரு பாலத்தடியில் இருந்து, ஒரு குசினியை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். போகிற வருகிறவர்கள் எங்களையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள்.

நாலு மணிக்கு மருமகன் வந்தான்.

"என்ன, ரெண்டு பேரும் சண்டையோ?"

"கால் நோகுது," என்றார் மச்சாள். அவனுக்குத்தான் சொன்னார், எனக்கல்ல.

ரயிலில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். மச்சாள் எனக்கு எதிரே யன்னலோரம் இருந்தார். வெளியே புல்வெளியும் மாடும், நடுவில் நேராகக் கீறிவிட்ட வாய்க்கால்களும் போயின. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். முள்ளு ஒன்பதுக்கு வந்ததும் கையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நண்டு சாக்குத் தைக்குமே, பிள்ளை?"

நான் விழித்தேன்.

"கிழிஞ்ச சாக்கு. ரோசா நூலால தைச்சிருந்தது. பள்ளிக்கூடத்தில கைப்பணிக்கு மிஞ்சின நூலை வீட்டை கொண்டு வாறது நீதானே. நான் விடிய முதல் பஸ்சில வந்து இறங்கி, நேரா வாய்க்காலுக்குத்தான் போனனான்."

"அப்ப உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் என்னோட கதைச்சனீங்கள்?"

"கதைக்காமல் விடத்தான் நினைச்சனான். பின்னேரம் மூண்டரை ஆச்சு. கை பழக்கத்தில ரெண்டு கோப்பை தேத்தண்ணி போட்டிட்டுது. அதைப் பாத்துக்கொண்டு இருந்தனான்." மச்சாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "ஒரு பக்கம் கடைக்காரன், ஒரு பக்கம் ஐயர், ஒரு பக்கம் தம்பி. எல்லாரோடையும் கோவிச்சு முடிச்சிட்டன். உன்னோடையும் கதைக்காட்டி நான் ஆரோட கதைக்கிறது?"

அவர் கையைப் பிடிக்கப் போனேன். மச்சாள் என்னை ஆறுதல்படுத்துகிற ஆளில்லை.

"அப்ப இவ்வளவு நேரமும் ஏன் கதைக்காமல் இருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"முறை எண்டு ஒண்டிருக்கு. நனைஞ்ச இடத்தை அடிபோட்டு அளந்து பாத்தனான். நீ எடுத்தது மூண்டு மணித்தியாலம். ஆறில இருந்து ஒன்பது மட்டும் நானும் மூண்டு மணித்தியாலம் கதைக்கேல்லை. சரியாப் போச்சு." பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "ஆனா நீ சொல்லியிருக்கக் கூடாது. அஞ்சு வருசமா நான் பொத்திப் பொத்தி வளத்த நண்டு. ஒரு நிமிசத்தில சாகடிச்சுப் போட்டாய்."

எதிரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் நாங்கள் இருவரும் அழுவதையும் சிரிப்பதையும் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தச் சாக்கு எங்க, மச்சாள்?"

"நாளும் நீ கால் துடைக்கிறது என்னத்தில எண்டு நினைச்சனி?"

ஊருக்கு வந்து இறங்கியதும் மச்சாள் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் வாய்க்காலுக்குப் போய்விட்டார். நான் அவர் வாசலில் குனிந்து சாக்கைப் புரட்டினேன். உட்பக்கம் வெளியே வராமல் மடித்துத் தைத்திருந்தார். ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் ரோசா நூல், நிறம் போய், ஆனால் என் தையல்தான். ஐந்து வருடமாகத் தினமும் இரண்டு கால்களையும் அதில் துடைத்திருக்கிறேன். மடித்தபடியே திருப்பிப் போட்டுவிட்டு, முறைப்படி காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த கமக்காரர் கூட்டத்தில் மச்சாள் எழுந்து, தனக்கு முழங்கால் நோ, திறப்பைத் தம்பியின் பெண்சாதியிடம் கொடுங்கோ என்றார். தலைமாட்டுக்காரியிடம் திறப்பைக் கொடுக்கலாமோ என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

"நண்டு வளை எங்கெங்க இருக்கெண்டு அவாவுக்குத்தான் வடிவாத் தெரியும்," என்றார் மச்சாள். கூட்டத்தில் எல்லாரும் அதை வேளாண்மை அறிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

மச்சாள் போய் மூன்று வருடமாகிறது. செத்தவீட்டுக்கு, அவர் கதைக்காமல் விட்ட அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பந்தலுக்குள் இருந்து நாள் முழுக்க அவரைப் பற்றியே கதைத்தார்கள். கடைக்காரர்தான் கூடுதலாக அழுதார். அந்தக் கடிகாரம் இப்போது என் கையில் ஓடுகிறது. என் கைக்குப் பெரிது, இன்னொரு ஓட்டை போட்டுக் கட்டியிருக்கிறேன்.

மச்சாளின் கால்மாட்டு வயலையும் இப்போது நாங்கள்தான் செய்கிறோம். இந்தச் சிறுபோகத்தில் ஒரு நாள் அதன் முறையில் தண்ணீர் குறைந்தது. வாய்க்கால் வழியே மேலே நடந்து போனேன். இரண்டாம் வயலின் வாய்க்குக் கீழே குறுக்காக ஒரு மண்சாக்கு. அதன் வாய், வலை முடிகிற பச்சை நைலோன் கயிற்றால், வலை முடிச்சாகவே கட்டியிருந்தது. எங்கள் வாய்க்காலில் அப்படி முடிச்சுப் போடத் தெரிந்தது முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து இரண்டாம் வயல் வீட்டுக்குக் கலியாணம் கட்டி வந்த பிள்ளை ஒருத்திக்கு மட்டும்தான். அவளின் நெல் குடலைப் பருவத்தில் நின்றது. புருசன் வெளியூரில் வேலை.

அன்று பின்னேரம் கூட்டத்தில், திறப்பு வைத்திருக்கிறவளின் தண்ணீரையே எடுத்தது யார் என்று சங்கத் தலைவர் சத்தம் போட்டார். அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நண்டு வளை போட்டிட்டுது," என்றேன். "நாளைக்கு ரீச்சர் வீட்டில நண்டுக்கறி. ஆரும் வரலாம்."

வீட்டுக்கு வந்து, வாய்க்காலில் இருந்து எடுத்து வந்திருந்த சாக்கை உதறி, அலம்பி, கொடியில் காயப் போட்டேன். என் வாசலுக்கும் ஒரு கால்மிதி தேவையாகத்தான் இருந்தது.